விருப்ப வரிசை

பனகல் சாலை மருந்துக்கடையில்
எட்டு மணிக்கு மேல் கூட்டம் வடியும்.
பில் மெஷினுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில்
மூன்று விண்ணப்பங்களை விரித்து வைத்திருக்கிறேன்.
கடைசித் தேதி வெள்ளி. இன்று புதன்.

இளங்கலை உளவியல், எழுபத்தொரு சதவீதம்.
வீட்டில் சொன்னால் "மேலே என்ன?" என்கிறார்கள்,
மாடி கட்டப்போகிற மாதிரி.

முதலாவது ஆலோசனை உளவியல், இங்கேயே,
பெரியார் நிலையத்திலிருந்து ஒரே பஸ்.
அடுத்தது சமூகப்பணி. வீடு வீடாகப் போகணும்,
செருப்பு ஆறு மாதம்தான் தாங்கும் என்றாள்
போன வருஷம் சேர்ந்த ஜெனிட்டா.
மூன்றாவது நீளம்:
முதுகலை, நுழைவுத்தேர்வு,
அப்புறம் வெளியூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம்.
முடித்தால் அறிக்கையின் அடியில்
என் கையெழுத்து செல்லும்.
அப்போது எனக்கு இருபத்தேழு.
அம்மா அந்த எண்ணை
காலாவதித் தேதி போல வாசித்தாள்.

செல்லூரிலிருந்து வருவார் சோலைராசு.
வெல்டிங் பட்டறை; கண்ணோரம் எப்போதும் சிவப்பு.
தம்பிக்கு மாதம் இரண்டு அட்டை.
சீட்டை மடித்து மடித்து
டாக்டர் பெயர் மடிப்பிலேயே தேய்ந்துவிட்டது.

நான் படித்தது தெரிந்த அன்று சிரித்தார்:
"அப்ப என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்."
எல்லோரும் கேட்பதுதான்.
"நீங்க சொன்னாத்தாண்ணே தெரியும்."
சிரிப்பு நின்றது.
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டார்.

போன மாதம் கேட்டார்:
"இது ஆயுசுக்கும் போடணுமா?"
"டாக்டரைக் கேளுங்க."
கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்
எனக்கு அனுமதித்த சொற்கள் இரண்டு.

இப்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
மூன்று படிப்பிலும் அவரை நிறுத்திப் பார்க்கிறேன்.
முதலாவதில் எதிர் நாற்காலி, முக்கால் மணி நேரம்.
பட்டறையை மூடிவிட்டு வருவாரா?
மூன்றாவதில் தம்பி வருவான்,
மைக்கறைப் படத்தில் என்ன தெரிகிறது என்பேன்,
அண்ணன் வராந்தாவில் டிபன் பையோடு நிற்பார்.
நடுவில் உள்ளதில் நானே சந்துக்குள் போவேன்.
தாழ்ப்பாள் கதவுக்கு உள்ளே இருக்கிறதா
வெளியே இருக்கிறதா என்பது
அங்கே போனால்தான் தெரியும்.

"இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம்?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்."
சிறு வயதிலிருந்தே மனிதர்களுக்கு உதவ,
என்று தொடங்கி அடித்துவிட்டேன்.
சிறு வயதில் எனக்கு மனிதர்களைப் பிடிக்காது.

ஷட்டர் பாதி இறங்கியபோது
குனிந்து உள்ளே வந்தார்.
"இன்னைக்கு ஒரு அட்டை போதும்."
ஏன் என்று கேட்பது என் வேலையில்லை.
"ஏண்ணே?"
அவர் விண்ணப்பங்களைப் பார்த்தார்.
நீளமானதில்தான் விரல் வைத்திருந்தேன் போல.
"இது எத்தனை வருசம்?"
"அஞ்சு."
விரல்விட்டு எண்ணுகிறவர் மாதிரி
கொஞ்ச நேரம் நின்றார்.
"அதுவரைக்கும் இருப்பான்" என்றார்.

பிறகு,
"ரெண்டாவே குடுங்க."