பாதி வரைபடம்

திரியெஸ்தே ரயில் நிலையத்தை விட்டு
எட்டடி வைத்திருக்கமாட்டேன்,
போரா வந்து
கையிலிருந்த வரைபடத்தின் மேற்குப் பாதியைப்
பிடுங்கிக்கொண்டு போனது.

போரா என்பது காற்று.
கடனைத் திருப்பித் தராத பங்காளியைப் போலப்
பெயர் சொல்லித்தான் ஏசுகிறார்கள் இங்கே.

"போன பாதியில் கடல்தானே இருந்தது"
என்றாள் காப்பிக்கடை ஒண்டினா.
"அதைக் கண்டுபிடிக்கத் தாளா வேண்டும்?"
பாலாடை அளவுக் கோப்பையில்
கறுப்பாய் ஒரு வாய் வைத்தாள்.
'நேரோ' என்று கேட்க வேண்டுமாம்;
பொதுவாகக் காப்பி என்றால்
ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடுமாம்.
கண்ணாடியில் பார்த்தேன்:
முடி வடக்கும் தெற்குமாய்,
கழுத்துத்துணி முதுகில்,
கையில் அரை ஊர்.
காப்பியைக் குற்றம் சொல்வானேன்.

மிச்சமிருந்த கிழக்கை நம்பி நடந்தேன்.

வாய்க்காலில் படகுகள் தார்ப்பாய்க்குள் முனகின.
நீலக் கும்மட்டங்கள் வைத்த கோயிலில்
மெழுகுத்திரிக்கு இரண்டு தட்டு.
இருப்பவர்களுக்கு மேல் தட்டு.
போனவர்களுக்குக் கீழ்த் தட்டு.
சிவப்பு மப்ளர் சுற்றிய ஒருவர்
ஒற்றைத் திரியோடு நின்றார்.
மேலே நீண்ட கை
பாதியில் நின்று
கீழே இறங்கி
அங்கும் நின்றது.
பிறகு திரியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
வெளியே போய்விட்டார்.

ரோமானிய அரங்கின் கல்வரிசைகளில்
பதினோரு பூனைகள். மேடையில் ஒன்று.
அதற்கு வசனம் மறந்துவிட்டது போலிருந்தது.

அப்புறம் ஏற்றம்.
முன்பெல்லாம் மூலைக்கு மூலை கயிறு கட்டுவார்களாம்,
பிடித்துக்கொண்டு போக.
நான் சுவர்களைப் பிடித்துக்கொண்டு போனேன்.
ஒரு சந்தில் பழைய வளைவு ஒன்று,
ஒரு கால் தெருவில்,
மறு கால் யாரோ குடியிருக்கும் வீட்டுச் சுவருக்குள்.
மேல்மாடியில் மேசைத்துணி உதறிய பெண்ணின் மேலேயே
ரொட்டித்தூள் திரும்பி விழுந்தது.
"வாடகை தராமல் குடியிருப்பது அது ஒன்றுதான்"
என்று வளைவைக் காட்டிக் கத்தினாள்.

குன்றின் உச்சியில் சான் ஜூஸ்தோ.
அதன் கதவுநிலை ஒரு கல்லறைக் கல்.
ஒரு குடும்பத்தையே செதுக்கிய கல்லை
நெடுக்காக அறுத்து
இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி
நிறுத்தியிருக்கிறார்கள்.
மூக்கு தேய்ந்த முகங்கள் சில இங்கே,
சில அங்கே.
நடுவில் எத்தனை கல்யாணம்,
எத்தனை பெட்டி,
மழைக்கு ஒதுங்கியவர்கள் எத்தனை பேர்.

இரண்டு கையும் விரித்துப் பார்த்தேன்.
எட்டவில்லை.

லீக்ஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கி வந்த பெண்மணி
சற்று நேரம் வேடிக்கை பார்த்தாள்.
என்ன, ஏது என்று கேட்கவில்லை.
கட்டைத் தரையில் வைத்துவிட்டு
என் இடது கையைப் பற்றி
தன் வலது கையை நீட்டினாள்.
எட்டியது.
அவள் விரல் நுனியில் ஒரு தாடை,
என் விரல் நுனியில் ஒரு காது.
ஓர் இருமல் நேரம் இருக்கும்.
அதற்குள் லீக்ஸ் உருளத் தொடங்கவே
கையை உதறிவிட்டு ஓடினாள்.
"நெவென்கா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்,
அவள் பெயராயிருக்கலாம்,
அல்லது காற்றுக்கான வசவு.

ஒண்டினா சொன்னது சரி.
இறங்கி நடந்தால் கடல் தானாக வந்தது.
ஏழு மணி ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.
நீருக்குள் நீளும் கல்துறையின் கோடியில்
சிவப்பு மப்ளர்.
கைகள் கோட்டுப் பைக்குள்.
ஒரு பையிலிருந்து வெள்ளையாய்
திரியின் நுனி எட்டிப் பார்த்தது.
வெளிச்சம் போட்டுக்கொண்டு தூரத்தில் ஒரு கப்பல்.
அது வருகிறதா போகிறதா என்று
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.