கன்னத்தில் ஒரு காற்புள்ளி

வாரத்தில் ஐந்து நாள் நான் பல் செய்கிறேன்,
ஓஸ்ட்ராவா நகரில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
முன்பின் தெரியாத வாய்களுக்கு.
ஞாயிறென்றால் காசு பார்ப்பேன்.
ரயில்வே ஊழியர் மன்றத்தின் நீள மேசைகள்,
பச்சைத் துணி, பத்து மடங்கு பூதக்கண்ணாடி,
சூப்பின் ஆவி, ஈரக் கோட்டுகள்.

அச்சில் விழுந்த விரிசல் காசில் மேடாகும்.
காசில் விழுந்த கீறல் பள்ளமாகவே கிடக்கும்.
இது தெரியாமலே திரு. ஹாவ்ரானெக்
பத்து வருடம் வியாபாரம் செய்தார்.
எழுத்து இரட்டித்திருந்தால் உடனே துள்ளக் கூடாது.
அச்சே இரட்டையாய்ப் பிறந்திருந்தால்
எழுத்து தடித்து, மூலையில் பிளந்து நிற்கும்.
அடித்த கணத்தில் அச்சு நடுங்கியிருந்தால்
எழுத்து இளைத்து, பக்கத்தில் ஒரு தட்டைப் படி.
முன்னதற்கு ஒரு மாதச் சம்பளம்.
பின்னதற்கு ஒரு கிண்ணம் சூப்.

ஓரம் கடிபட்ட காசொன்றை ஒரு பையன் நீட்டினான்.
பிறவிக் கடியென்றால் அதற்கு நேர் எதிரே
விளிம்பு மங்கியிருக்க வேண்டும்.
இவனுடையதில் கம்பீரமாக நின்றது.
"தகரக் கத்தரியா?" என்றேன்.
காது சிவந்துபோனான்.

எனக்குப் பிழை பிடிக்கும்.
எண்ணி, எடைபோட்டு, உருக்கக் குவித்த கைகளுக்குத் தப்பிப்
பிழைத்த பிழை.
கள்ளக்காசோ பிழை செய்யப் பயப்படும்.

மூன்று வருடம் முன்பு ஒரு தாலர் வாங்கினேன்.
தாடிக்காரப் பிரபு. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில்,
காற்புள்ளி போல ஒரு வடு.
யாரோ எப்போதோ கல்தரையில் தவறவிட்டது.
அந்த யாரோவை நினைத்தபடி தூங்கியிருக்கிறேன்.
அடுத்த பனிக்காலம், ஏழாம் மேசையில்,
அதே பிரபு, அதே கன்னம்,
அதே காற்புள்ளி.
இரண்டு பேர் ஒரே கல்லில் ஒரே விதமாக விழ முடியாது.

அப்புறம் வெறி.
ஓலோமோட்ஸில் ஒன்று, பிர்னோவில் இரண்டு,
கள்ளமென்று தெரிந்தே, வெள்ளி விலைக்கு,
என்னுடையதோடு ஏழாயிற்று.
ஏழு பேரும் அரை மில்லிமீட்டர் குள்ளம்:
வார்த்த வெள்ளி ஆறும்போது சுருங்கும்,
பல்லுக்கும் அதே கணக்குதான்.
எழுத்துகளின் காலடியில் கடுகிலும் சிறிய குமிழ்கள்.
செல்லாக்காசுக் குடும்பம். தாய் எங்கேயோ.

போன ஞாயிறு டிராம் ஓட்டுநர் ராடோவான் பெஷ்ல்
புகையிலை டப்பாவைத் திறந்தார்.
காற்புள்ளி.
"எட்டாவது," என்றார் ஹாவ்ரானெக், எழுந்துகூட வராமல்.
நான்கு கடைகளில் துரத்திவிட்டார்களாம்.
"தூக்கிப் போடவா?"
என் வாயில் 'ஆமாம்' தயாராக இருந்தது,
அச்சிலிருந்து இறங்கிய சூட்டோடு.
ஒரு டிராம் சீட்டின் விலைக்குக் கேட்டிருந்தாலும்
கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

விளக்கைச் சாய்த்தேன்.
வடுவின் ஓரத்தில் வெள்ளி உதடு போலப் பிதுங்கியிருந்தது.
என் ஏழு பேருக்கும் அந்த இடம் வழவழத்துக் கிடக்கும்.
அளந்தேன்: அரை மில்லிமீட்டர் நிமிர்ந்து நின்றார் பிரபு.
ஓர் எழுத்தின் இடுக்கில், அழுக்கோடு அழுக்காக,
இளஞ்சிவப்பில் ஒரு துணுக்கு.
ஊசியால் எடுத்தேன், நசுக்கினேன்.
ரப்பர்.
பல்லச்சு எடுக்கும் ரப்பர்.
திங்கள் முதல் வெள்ளி வரை என் நகக்கண்ணில் இருப்பது.

"இது உண்மையானது," என்றேன்.
"அப்படியானால் மற்றவை?"
"உங்கள் வீட்டில் யார் பல் வேலை செய்கிறார்கள்?"

டப்பாவின் மூடியை அழுத்தினார். சரியாக மூடவில்லை.
"மைத்துனன்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து.
"ஒரு வாரம் இரவல் கேட்டான்.
பிள்ளைக்குப் பள்ளியில் காட்ட வேண்டுமென்று."

வெளியே பதினொன்றாம் எண் வண்டி வந்தது,
நின்றது, போனது.
விலை என்னவென்று அவர் கேட்கவே இல்லை.