முப்பத்தொரு பீப்பாய்கள்

வீட்டுக்கு அடியில் பீப்பாய்கள் கட்டியாயிற்று.
முப்பத்தொன்று. நானே எண்ணினேன்.
இனி ஓதம் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நியூஃபவுண்ட்லாந்து வரைபடத்தில்
ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் ஊர்.
பெயர் லிட்டில் கம்ஃபர்ட்.
சின்ன ஆறுதல் என்றும் சொல்லலாம்,
ஆறுதல் கொஞ்சம்தான் என்றும் சொல்லலாம்.
வைத்தவன் எந்த மனநிலையில் இருந்தானோ.

பதினேழு வீடுகள்.
டாக்டர் இல்லை, ரோடு இல்லை,
போன பிப்ரவரியிலிருந்து வாத்தியாரும் இல்லை.
விரிகுடாவின் அக்கரையில் எல்லாம் இருக்கிறது
என்கிறது அரசாங்கக் காகிதம்.
எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.
கடைசியாக நான்.
பென்சில் முனை உடைந்தது.
என் முகத்தைப் பார்க்காமல்
லீவை தன் பேனாவை நீட்டினார்.

அவர்தான் கோயிலில் வாசிப்பவர்;
குருவானவர் வருடத்துக்கு இருமுறை,
அதுவும் பனிக்கட்டி விட்டால்.
கடைசி ஆராதனையில் லீவை
ஆபிரகாமைப் பற்றிப் பேசினார்:
போகும் இடம் அறியாமல் புறப்பட்டவன்.
எனக்குச் சாராள்தான் ஞாபகம் வந்தாள்.
அவளை யார் கேட்டார்கள்?
கூடாரத்தை மடித்தது யார்,
மாவுப் பானையை ஒட்டகத்தில் ஏற்றியது யார்?
ஆமென் சொல்ல என் வாய் திறக்கவில்லை.
ஆண்டவருக்குப் புதிதில்லை.
நாங்கள் பேசிக்கொள்ளாத நாட்கள்
முன்பும் உண்டு.

பிறகு கல்லறைத் தோட்டம்.
மூன்று நாள் மட்டும் இருந்த தன் பிள்ளையின் சிலுவைக்கு
டார்கஸ் வெள்ளை பெயிண்ட் அடித்தாள்.
காய்ந்ததும் இன்னொரு பூச்சு.
காயுமுன்னே மூன்றாவது.

நான் ஆம்ப்ரோஸின் கல்லருகே நின்றேன்.
கல்லுக்குக் கீழே ஆம்ப்ரோஸ் இல்லை.
காட் மீனுக்குப் போன படகிலிருந்து
பதினொரு வருடம் முன்பு
கரை ஒதுங்கியது ஒரு துடுப்பு, ஒரு கையுறை.
கையுறையைப் புதைத்தோம். நான் பின்னியது.

ஒவ்வோர் ஈஸ்டரிலும்
கல்லறை வெறுமையாயிருந்தது என்று லீவை வாசிக்கையில்
மற்றவர் முகங்கள் மலரும்.
நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
வெறுங்கல்லறை எப்படியிருக்கும் என்று
அந்தக் கோயிலில் எனக்கு மட்டும் தெரியும்.

*

ஓதம் ஏறிவிட்டது.
ஆண்கள் ஏலம் போட்டு இழுக்க
வீடு மரக்கட்டைகள்மேல் உருண்டு,
வாசற்படி முதலில் நனைந்து,
ஒரு பெருமூச்சு விட்டு மிதந்தது.
இரண்டு மோட்டார் படகுகள் இழுக்கின்றன.
பின்படகில் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்,
கயிற்றில் வரும் ஆட்டைப் பார்ப்பதுபோல்
என் வீட்டைப் பார்த்துக்கொண்டு.
சமையலறை ஜன்னலில் திரை ஆடுகிறது,
யாரோ உள்ளே இருப்பதுபோல்.

பதினொரு வருடமாக
இந்தக் கடலைத் தொட்டதில்லை நான்.
கருவாட்டு மேடையில் நின்றபோதும்
அலைக்கு முதுகைத்தான் காட்டினேன்.

நடுவிரிகுடாவில், ஏனோ,
அந்தப் பெண்களைப் பற்றி யோசித்தேன்.
விடியுமுன் தைலம் சுமந்து போனவர்கள்.
பூச உடல் இல்லை.
தைலத்தை என்ன செய்தார்கள்?
யாரும் எழுதி வைக்கவில்லை.
வீட்டுக்கே சுமந்து வந்திருப்பார்கள்.
அலமாரியின் மேல்தட்டில் வைத்து
பல வருடம் தொடாதிருந்திருப்பார்கள்.

இங்கே இல்லை என்றதோடு
தூதன் நிறுத்தவில்லையே.
முன்னே போயிருக்கிறார் என்றும் சொன்னானே.
எங்கே? கலிலேயாவுக்கு.
வலை காயும் கரைக்கு, மீன் வாடைக்கு.
எத்தனை ஈஸ்டர் கேட்டும்
பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டவள் நான்.

கையுறையைக் கழற்றி
தண்ணீரில் கை விட்டேன்.
எலும்புவரை குளிர்.
எடுக்கவில்லை.
டார்கஸ் முன்படகில் அழுதுகொண்டிருந்தாள்;
அவள் பிள்ளை மண்ணில் இருக்கிறது.
இந்தத் தண்ணீர் அக்கரையிலும் இருக்கும்.

"சரி" என்றேன்.
லீவை "என்ன?" என்றார்.
உங்களிடம் இல்லை என்றேன்.

கரை சேர்ந்தபோது எண்ணினேன்: முப்பது.
ஒன்று வழியில் எங்கோ கழன்றிருக்கிறது.
வீடு கிழக்கே கொஞ்சம் சாய்வு.
நீலத் தட்டுகள் மூன்று உடைந்தன.
சமையலறையில் கணுக்கால் வரை கடல்.
பாவாடையை இடுப்பில் செருகி,
பழைய துணியும் வாளியும் எடுத்து,
அதிலேயே முழங்கால் போட்டேன்.