எட்ட

கடற்பக்க ஒழுங்கையில்
பதினேழாம் இலக்க வீட்டைச் சுற்றித்
தகரம் அடித்துவிட்டார்கள்.
தகரத்தில் பன்னிரண்டு மாடி ஏற்கெனவே எழும்பியாயிற்று, படமாக.
படத்திலும் ஒரு பூச்சாடி.
அதிலிருக்கும் பூ எந்தச் செடியிலும் பூப்பதில்லை.

உள்ளே, இடிக்கப்போகிற படிக்கட்டின் இரண்டு பக்கமும்
காசித்தும்பை.
வீடு விற்றுப்போனது
மே மழைக்கு யார் சொல்வது.

பாமசி வேலை முடிந்து
ஆறரைக்கு அந்த வாசலில் நின்றேன்.
என் சிங்களம் கால் உடைந்த கதிரை,
பார்த்துத்தான் உட்காரவேண்டும்.
"மல் எட்ட" என்றேன். பூ விதை.
காவலாளி சோமசிறி சிரித்தார்.
"எட்ட என்றால் எலும்பும்தான், நங்கி.
எதைத் தேடி வந்தாய்?"
சிரிப்பு அவருக்குப் பாதியில் நின்றது.
இருவரும் கொஞ்சநேரம்
தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எங்களுக்கு எட்ட என்றால் தள்ளி
என்று சொல்ல வந்தேன்.
அதற்குச் சிங்களம் வரவில்லை.
அவர் கேற்றைத் திறந்தார்.

பச்சைக் காய்க்குள் பால் விதை, உதவாது.
மஞ்சளித்து, நரம்பு தெரிந்து,
தொடலாமா என்று நினைக்கும்போதே வெடிக்கிற
அந்த ஒருநாள் காயைப் பிடிக்கவேண்டும்.
முதல்நாள் எல்லாம் செருப்புக்கடியில் தெறித்தது.
மூன்றாம்நாள்
உள்ளங்கையால் மூடிவிட்டுப் பிறகு நுள்ளினேன்.
கைக்குள் ஓர் உதறல்,
பிடிபட்ட தத்துவெட்டியன் போல.

அந்திமந்தாரை சுலபம்.
மிளகு மாதிரித் தன் கிண்ணத்தில்
தன்பாட்டில் உட்கார்ந்திருக்கும்.

போட்டுவைக்க மாத்திரை உறைதான் இருந்தது.
காலை, பகல், இரவு என்று கட்டம் போட்ட உறை.
அந்திமந்தாரைக்கு 'இரவு' சரி போட்டேன்.
காசித்தும்பைக்குச் 'சாப்பாட்டுக்கு முன்'.
ஊதா, எட்டு.
வெள்ளை, பன்னிரண்டு.
ரோஸ், எண்ணவில்லை.

ஐந்தாம் மாடி பல்கனி.
மாஜரின் டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை.
முதல் நடுகையை உப்புக்காற்று அவித்துவிட்டது.
இரண்டாவதைக் குளியலறை ஜன்னலில் வைத்தேன்.
ரயில் போகும்போதெல்லாம் டப்பாக்கள் நடுங்கின.
ஏழாம்நாள்
மண்கட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒன்று.
மறுநாள் ஐந்து.

ஊதா என்று எழுதிய உறையிலிருந்து
வெள்ளை பூத்தது.
பதினொரு வருஷத்தில்
நான் உறை மாற்றிக் கொடுத்ததில்லை.
தேனீயின் பிழை என்று உறையின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

ஐப்பசியில் வீடு இல்லை.
ஒரு குழி, குழிக்குள் மழை,
மழையை உறிஞ்சித் தெருவில் துப்பும் மோட்டர்.
வாசலில் வேறு காவலாளி.
எட்டிப்பார்த்தேன்.
தகரத்தை இழுத்து மூடினார்.

சோமசிறி ஒரு சனிக்கிழமை
பிரஷர் மாத்திரைக்கு வந்தார்.
இப்போது ராஜகிரியவில் இன்னொரு வாசலாம்.
அங்கே கல்லும் கம்பியும் மட்டுமாம்.
முப்பது நாளுக்கு எண்ணி மடித்தேன்.
லாச்சியைத் திறந்து
இன்னோர் உறையையும் பக்கத்தில் வைத்தேன்.
அதில் எந்தக் கட்டத்திலும் சரி இல்லை.

காதருகே குலுக்கிப் பார்த்தார்.
"இது சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?"

மழை என்பதற்குச் சிங்களம் எனக்குத் தெரியும்.
'முன்' என்பதைத்தான்
பனடோலுக்குச் சில்லறையை நீட்டியபடி
வரிசையில் நின்ற ஒருத்தி
எடுத்துக் கொடுத்தாள்.