நாற்பத்தெட்டாவது மணி

இரவு மூன்று பத்து. ராயல் பரேடில்
கடைசி டிராம் போய் நெடுநேரமாயிற்று.
நான் இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.
இவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
நாற்பத்தெட்டு மணிக்கு ஒருதரம்
வீட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும்,
அடுத்த வீடு தேடும்.

வீடு என்பது யாரோ ஒருவரின் சிவப்பணு.
ஜீலாங்கிலோ பாலராட்டிலோ
மதிய இடைவேளையில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு
ஒரு பிஸ்கட்டோடு வேலைக்குத் திரும்பிப் போனவர்.
பையில் பெயர் இல்லை. ஓ பாசிட்டிவ், அவ்வளவுதான்.
நாள் கடந்த இரத்தம் என்பதால்
எங்களுக்குக் கிடைத்தது.

நான் பின்தொடரும் நொதிக்குத் தெரிந்தது ஒரே வேலை:
எதிர்ப்படும் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவது.
விட்டால் கண்டமேனிக்கு ஒட்டும்.
அதனால் அதைக் கட்டிப்பிடித்தபடி இன்னொரு புரதம்.
அடிக்காது, அதட்டாது.
தன் உடம்பின் ஒரு சிறு நுனியை
நொதியின் வாய்க்குள் வைத்துவிடும்.
இரை போலவே இருக்கும்; இரை அல்ல.
பாஸ்பேட் பற்ற வேண்டிய இடத்தில்
பற்ற ஒன்றும் இராது.
அதை வாயில் வைத்துக்கொண்டு
நொதி சும்மா கிடக்கும்.

இயலுக்கு ஏழு மாதம்.
இந்நேரம் பிரெஸ்டனில் எழுந்திருப்பாள்.
துவாரகன் இருட்டில் துழாவி
சூப்பியை எடுத்துக் கழுவி வாயில் வைப்பான்.
பாலோ இங்கே, ஊழியர் அறைக் குளிர்ப்பெட்டியில்,
யாரோ ஒருவரின் லசானியாவுக்குப் பக்கத்தில்,
என் கையெழுத்தோடு: தொடாதீர்கள்.

பிறகு அழைப்பு வரும்.
வளையம்போல் சுருண்ட ஒரு மிகச் சிறிய மூலக்கூறு.
ஒன்று வந்து உட்காரும், பின்னால் இன்னொன்று.
கட்டிப்பிடித்த புரதம் நெளியும், கை தளரும்,
நுனி வாயிலிருந்து வழுக்கும்.
நொதி விழித்துக்கொள்ளும் அந்த நேரத்தில்,
முந்தியும் இல்லாமல் பிந்தியும் இல்லாமல்,
ஒட்டுண்ணி புதிய அணுவுக்குள் நுழையும்.

நான் அந்தப் பிடியை எடுத்துவிட்டேன்.
மரபணுவில் ஒரு வெட்டு. பதினாலு மாதம்,
நிராகரித்த இரண்டு நிதி விண்ணப்பங்கள்.
தடுப்பார் இல்லாத நொதி
இன்னும் மூர்க்கமாய்ப் படையெடுக்கும் என்று
கிடியனிடம் ஒரு காப்பிக்குப் பந்தயம்.

இன்றிரவு வெளியே வந்தன. சரியாகத்தான் வந்தன.
வெடித்துச் சிதறி
சிவப்பணுக்களின் மேல் போய் மோதின,
ஒட்டின,
நின்றன.
உள்ளே போகவில்லை.
வாசலில் அடிக்க வேண்டிய முத்திரையெல்லாம்
வழியிலேயே அடித்துத் தீர்ந்திருந்தது.
ஆறு நிமிடம், ஏழு நிமிடம்.
ஒன்று மட்டும் ஒரு அணுவின் விளிம்பைச்
சுற்றிச் சுற்றி வந்தது.
பிறகு அதுவும்.

"ச்சே" என்றேன், சத்தமாக.

அடுத்த நுண்ணோக்கியிலிருந்து கிடியன் நிமிர்ந்தான்.
மடாங்கில் பிறந்தவன்.
பத்து வயதுக்குள் ஒன்பது காய்ச்சல்;
அவன் அம்மா விரல்விட்டு எண்ணிவைத்த கணக்கு.
தங்கைக்கு மூன்று.
நாலாவதுக்கு அவள் இல்லை.

அந்த ஒரு தமிழ்ச் சொல் அவனுக்குப் பழக்கம்.
"யாருக்காக?" என்று கேட்டான்.
கோபமாய் இல்லை. நிஜமாகவே
தெரிந்துகொள்ள விரும்பியவன்போல.

என்னிடம் ஒரு பதில் இருந்தது,
கட்டுப்பாட்டுக் குழு, பிழை எல்லை, மறு சோதனை என்று.
வாய்வரை வந்து நின்றுவிட்டது.
அவன் எழுந்து போய்
இரண்டு காப்பியோடு வந்தான்.
தோற்றவள் நான். காசு கொடுத்தது அவன்.

மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. துவாரகன்.
"துப்பிவிட்டாள். எப்ப வாறாய்?"

பதில் எழுத
முதலில் கையுறையைக் கழற்ற வேண்டும்.