பத்துக் கட்டு

பத்து ஈர்க்குச்சி ஒரு கட்டு,
மிச்சமெல்லாம் ஒன்றுகள்.
டீச்சர் சொன்னதை
இலக்கியா எனக்குச் சொல்கிறாள்.
"முப்பத்துநாலு கட்டிக் காட்டும்மா."

கட்டினேன்.
ஒரு கட்டு, மிச்சம் ஒன்பது.

விழுந்து விழுந்து சிரித்தாள்.
இருபத்தைந்தில் தானாக முடிச்சுப் போடும் விரல்,
பதினாலு வருஷமாக.
பிரித்துப்போட்டு மறுபடி எண்ணினோம்.
பதினொன்றாவது குச்சிக்குப் போன கையைத்
தட்டி நிறுத்தினாள்.

நெல்லூர்ப்பேட்டையில் கரண்ட் போனது.
பீடி முறத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டு
அப்படியே தூங்கிவிட்டேன்.

காலையில் ஏஜெண்ட்
"இதென்ன, இளைச்சுப்போய் ரெண்டு?" என்றார்.
எண்ணினார். பத்து.
அடுத்ததும் பத்து.
சிவப்பு நூலில், பூமுடிச்சு.

முப்பது பீடிக்குக் கூலி பிடித்தார்.
வாய் திறக்கவில்லை நான்.

பாதி வழியில்தான் உறைத்தது:
முப்பது என்றால்
மூணு கட்டு,
மிச்சம் இல்லை.