பதினேழாம் எண்

பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்தெரு, கருங்கல் வீடு.
ஹோட்டலாகிறது. வயரிங் என்னுடையது.

கொத்தியதும் முதலில் உதிர்ந்தது வெள்ளை:
டியூஷன் சென்டர், எட்டு வருஷம்.
அதனடியில் பச்சை. பல் டாக்டர் லிம்.
இன்னும் கிராம்பெண்ணெய் வாசம் என்று
சிமெண்டு குழைக்கும் ரஹ்மான் சத்தியம் செய்கிறான்.
எனக்குத் தூசிதான்.

பச்சைக்கடியில் புகைக்கரி.
ஜப்பான்காரன் காலத்தில்
யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை போலும்.
பின்கட்டில் கொக்கிகள் மட்டும் வரிசையாக,
ஆள் உயரத்துக்குச் சற்று மேலே.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை,
டீ குடிக்க வெளியே போனோம்.

கடைசியில் நீலம். வட்டிக்கடை நீலம்.
அதில் பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில்:
‘முத்திருளன் பாக்கி
வெள்ளி மூன்று, காசு அறுபது.’

ஒரு ராத்திரிக்கு ஐந்நூறு வெள்ளியாம் இந்த அறை.
கட்டில் அங்கே, சுவிட்ச் இங்கே என்கிறது வரைபடம்;
இங்கே என்றால்
முத்துக்கும் இருளனுக்கும் நடுவில்.

பெட்டியை நாலு விரல் தள்ளிப் பதித்தேன்.
எப்படியும் நாளை ஜிப்சம் பலகை மூடிவிடும்.

கோணல் என்றாள் மேனேஜர் டேஃப்னி.
சுவர்தான் கோணல் என்றேன்.